கல்தொழுவின் இடது தாடை

கல்தொழு என்று ஓர் ஊர் உண்டு. அந்த ஊரில் மாடுகளுக்கு இரண்டு பக்கத் தாடையும் ஒன்றுபோல இருக்கும், மனிதர்களுக்குத்தான் இருக்காது. வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வருகிற வெளியூர் வியாபாரி, காளையின் வாயைப் பிரித்துப் பல்லைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்கிறவனின் முகத்தையும் ஒருதரம் பார்ப்பார். இடது தாடையின் கீழ் விளிம்பில், கடைவாய்ப் பல்லுக்கு நேர் கீழே, கட்டைவிரல் நுனி உட்காருகிற அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தால், ஆள் உள்ளூர்க்காரன் என்று முடிவுகட்டிக்கொள்வார். அது வலிக்காது, வீங்காது, மெல்லுவதற்கும் விழுங்குவதற்கும் ஓர் இடைஞ்சலும் செய்யாது. பிறக்கும்போது எந்தக் குழந்தைக்கும் அது கிடையாது. பிறகு எப்போது வருகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்.

அந்தச் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசுகிற வழக்கம் என்றைக்கும் இருந்ததில்லை. தரகரும் வாங்குகிறவரும் கையைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள்; துண்டுக்கு மேலே இரண்டு முகங்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, துண்டுக்குள்ளே விரல்கள் ஒன்றையொன்று அழுத்தி விலை பேசி முடித்துவிடும். துண்டுக்குள் நடந்ததைத் தரகர் வெளியே சொல்லக் கூடாது, பெற்ற தாய் கேட்டாலும் சொல்லக் கூடாது, சொன்ன தரகரின் துண்டுக்குள் அதற்குப் பிறகு எவனும் கையை விடமாட்டான். அதே சந்தையில் மாகாளி என்று ஒருவன், மாடுகளை வேனில் ஏற்றவும் இறக்கவும் செய்கிறவன், வருடக்கணக்கில் அந்தத் துண்டுகளை வேடிக்கை பார்த்தபடி வாலை முறுக்கிக்கொண்டும் கயிற்றை இழுத்துக்கொண்டும் இருந்தான். தானும் ஒருநாள் துண்டுக்குள் கையை விட்டு விலை பேச வேண்டும் என்பது அவனுக்கு ஓர் ஆசை. விற்கவும் வாங்கவும் அவனிடம் மாடு ஏது? அவனுடைய மகள் பூவிழி, அப்போது நடை பழகிப் பேச்சும் பழகிய குழந்தை, வெள்ளாட்டுக்குட்டி வேண்டும் என்று அழுதாள். அவன் சந்தையின் தெற்கு மூலையில் ஒரு வெள்ளைக் குட்டியைப் பார்த்துவைத்தான். ஆட்டுக்கு யாரும் துண்டு போடுவதில்லை. ஆனாலும் மாகாளி, தரகர் அர்த்தநாரியிடம் போய், ஒரே ஒருதரம் துண்டு போட்டுப் பேசலாமுங்களா என்று தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். அர்த்தநாரி நல்ல மனுஷர். சிரித்துக்கொண்டே தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் கைமேல் போட்டார்.

அன்றைக்குப் பார்த்து ஒரு செவலைக் கிடாரியைக் காணவில்லை. சந்தை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தவர்கள் கண்ணில் மாகாளி பட்டான். வேறு ஊராக இருந்தால், இரண்டு பேர் துண்டுக்குள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஒருவனுக்கும் ஒன்றும் தோன்றியிருக்காது. கல்தொழுக்காரர்களுக்கோ ஏற்றி இறக்குகிறவனுக்குத் துண்டுக்குள் என்ன வேலை என்று தோன்றியது, மாடில்லாதவன் துண்டுக்குள் விலை பேசினால் அது திருட்டு மாடுதான் என்று தோன்றியது, தோன்றிய உடனே அது உறுதியும் ஆகிவிட்டது. சந்தையைக் குத்தகைக்கு எடுத்திருந்த செங்கோடனின் ஆட்கள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். இவன் உம்பட துண்டுக்குள் எதை விற்றான் என்று அர்த்தநாரியைக் கேட்டார்கள். அர்த்தநாரி வாயைத் திறந்தார். அத்தனை தரகர்களும் அவர் வாயையே பார்த்தார்கள். துண்டுக்குள் நடந்ததைச் சொல்லக் கூடாது. இரண்டு அறை விட்டு அனுப்பிவிடுவார்கள், சாயங்காலம் செங்கோடனைத் தனியே பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்து, திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். யாரோ மாடு கட்டுகிற முளைக்கட்டையால் மாகாளியின் இடது தாடையில் அடித்தார்கள், அவன் தண்ணீர்த் தொட்டியின் கல்லில் விழுந்தான், எழுந்திருக்கவில்லை. கால் கட்டிய வெள்ளாட்டுக்குட்டி தெற்கு மூலையில் கத்திக்கொண்டே கிடந்தது. மறுநாள் காலையில் செவலைக் கிடாரி ஒரு சோளக்காட்டிலிருந்து அசைபோட்டுக்கொண்டே தானாக நடந்து வந்தது. அதைச் சொல்லிக் குற்றமில்லை, அது மாடு.

போலீஸ் வந்தது. மாடு முட்டிடுச்சுங்க என்று சந்தையே சொன்னது. அடித்தவனும் சொன்னான், பார்த்தவனும் சொன்னான், டீ ஆற்றிக்கொண்டிருந்தவனும் தலையை ஆட்டினான். போலீஸ் போயிற்று. அடுத்த நாள் காலையில் சவரம் செய்துகொள்ள உட்கார்ந்த அத்தனை பேருடைய இடது தாடையிலும் கத்தி ஓர் இடத்தில் இறங்கி ஏறியது.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள். ஆழ்துளைக் கிணற்றுக்குப் பூட்டுப் போட்டார்கள். சுத்திகரிப்பு இயந்திரம் வந்தது, அதற்குத் திறப்பு விழா நடந்தது, ரிப்பனை வெட்டியவருக்கும் பள்ளம் இருந்தது. பிறகு சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்றார்கள். மருந்துக்கடையில் சத்து மாத்திரை வந்து இறங்குவதும் தீர்வதும் தெரியவில்லை. அதுவும் பலிக்காமல் போனபோது, ஊர் செய்கிற ஒன்றை ஊர் செய்தது, பழகிக்கொண்டது. நாவிதர் அந்த இடத்தில் மட்டும் கத்தியைப் படுக்கப் போடக் கற்றுக்கொண்டார். போட்டோ ஸ்டூடியோக்காரர் எல்லோரையும் வலப்பக்கம் தெரியும்படி உட்காரவைத்து எடுத்தார், அதனால் அந்த ஊரின் கல்யாண பேனர்களிலும் காதுகுத்து பேனர்களிலும் எல்லா முகங்களும் ஒரே பக்கமாகத் திரும்பி, வராத எவனோ ஒருவன் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சோறாக்குகிற பெண்கள், பள்ளம் வந்தபிறகு போன் நழுவுவதில்லை என்றார்கள். ஹெல்மெட் பட்டை அழகாகப் படிந்தது. அம்மன் கோவிலிலும் ஒருநாள் அபிஷேகத்துக்குப் பாலை ஊற்றிய பூசாரி, பால் சிலையின் தாடையில் ஓரிடத்தில் தேங்கி நிற்பதைப் பார்த்தார். அவள் சந்நிதி சந்தையைப் பார்த்துத்தானே இருக்கிறது? அன்றிலிருந்து வாரம் தவறாமல் சந்தனக்காப்பு.

வாழ வந்த மருமகள்களுக்கு அது கொஞ்சம் தாமதமாக வந்தது. வந்த புதிதில், இது என்ன ஊரே இப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். சந்தையில் ஒரு திருட்டுப்பயலை மாடு முட்டிச் செத்தான், அதற்கப்புறம் இப்படி என்று மாமியார் சொல்லுவார். முட்டினது மாடுதானுங்களா என்று சிலர் கேட்பார்கள். மாமியார் பேசாமல் அரிசி களைவார். மருமகளும் பேசாமல் முறத்தை எடுத்துக்கொள்வாள், ஒரு வாரத்தில் பள்ளம் விழுந்துவிடும். மாமியார் புறங்கையால் அவள் கன்னத்தைத் தடவிப் பார்த்து, இனி நம்மூட்டுப் புள்ளை என்று சொல்லிச் சந்தோஷப்படுவார். குழந்தைகளுக்கும் இதே கதைதான். ஒருநாள் கேட்பார்கள், ஒரு பதில் கிடைக்கும், பதில் பொய் என்று பாதி தெரியும், சரி என்று தலையாட்டுவார்கள். தலையாட்டிய பிறகு தாடையில் நகம் பட்டது மாதிரி ஒரு கீறல் தோன்றி மெல்ல மெல்ல ஆழமாகும்.

அர்த்தநாரிக்கு வந்த பள்ளம் மட்டும் கட்டைவிரல் முழுதாக இறங்குகிற பள்ளம். அன்றிலிருந்து அவர் ஒருவரிடமும் ஒரு சொல்லும் பேசவில்லை. தொழில் துண்டுக்குள்தானே, அதற்கு வாய் எதற்கு? துண்டுக்குள் நடந்ததை உயிரே போனாலும் சொல்லாத தரகர் என்று அவருக்குப் பெயர் ஓங்கியது, வெளியூர் வியாபாரிகள் அவர் துண்டுக்குக் காத்துக்கிடந்தார்கள். அந்த வெள்ளாட்டுக்குட்டியை அவரே வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்த்தார். அது குட்டி போட்டது, குட்டிகளும் குட்டி போட்டன, ஒன்றைக்கூட அவர் விற்கவில்லை.

இப்படியிருந்த ஊருக்குத்தான் ஜெசிந்தா என்கிற பல் டாக்டர் வந்து சேர்ந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், கணவனுக்கு இங்கே பேங்கில் வேலை. மாட்டுத்தீவனக் கடையின் மாடியைப் பிடித்து ஒரு நாற்காலியும் விளக்கும் போட்டு உட்கார்ந்தாள். அவளுடைய முறை, யார் எந்தப் பல்வலி என்று வந்தாலும் உடனே வாய்க்குள் எட்டிப்பார்ப்பதில்லை. முதலில் எதிரே நின்று முகத்தைப் பார்ப்பாள், இரண்டு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று. பிறகு பின்னால் போய் நின்று, இரண்டு கையின் விரல்களையும் நாடியில், முகவாய் நுனியில், வைத்து, தாடையின் விளிம்போடு ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் காதுவரை தடவிக்கொண்டு போவாள். தாடைக்கு அடியில் நெறி கட்டியிருக்கிறதா என்று அழுத்துவாள். காதுக்கு முன்னால் உள்ள மூட்டில் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடச் சொல்லி, உள்ளே சொடுக்குகிறதா என்று கேட்பாள். இதையெல்லாம் முடித்த பிறகுதான் விளக்கு எரியும். முதல் நாளே அவளுடைய இடது விரல் ஒரு பள்ளத்தில் இறங்கியது. எப்போதோ தாடை முறிந்து தானாகச் சேர்ந்திருக்கிறது என்று நினைத்தாள். அடுத்து வந்தவருக்கும் அதே இடம், அதற்கடுத்த பெண்ணுக்கும் அதே இடம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முறிந்த கோடு தெளிவாகத் தெரிந்தது, ஒரே ஆளின் தாடையைத் திரும்பத் திரும்பப் படம் பிடித்தது போல. எப்படி அடிபட்டது என்று கேட்டால், அடியெல்லாம் படலீங்க டாக்டரம்மா, எங்கூர்ல இப்படித்தானுங்க என்றார்கள்.

அவள் வந்த சில மாதத்தில் வடைக்கடை பேபியக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சந்தைக்குள் கடை வைத்திருந்தவள். கொதிக்கிற எண்ணெயைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், யாரும் ஒன்றும் கேட்காமல், மாகாளிய நாமதான் என்று ஆரம்பித்திருக்கிறாள், அடுத்த சொல்லுக்குள் தாடை பள்ளத்தோடு முறிந்து தொங்கிவிட்டது. ஜெசிந்தாவிடம் கூட்டம் ஒரே குரலில், மாடு முட்டிடுச்சுங்க என்றது. தோலில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. கீழ்ப்பல்லையும் மேல்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டி முறிவை நிறுத்தினாள். ஏட்டு வந்து, மாடு முட்டினதுதானுங்களே என்று கேட்டபோது, வாசலில் நின்ற அத்தனை முகங்களையும் பார்த்தாள், வாடகைக்கு எடுத்த மாடியைப் பார்த்தாள், ஆமா என்றாள். மறுநாள் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் அவளுடைய இடது தாடையிலும் நிழல் விழுந்திருந்தது. நோயாளிகளின் தாடையைத் தடவிப் பழகிய விரல்களால் தன்னுடையதையே தடவிப் பார்த்துவிட்டு அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பேபியக்கா கம்பி அவிழ்த்த பிறகும் பேசவில்லை. ஊருக்கு இப்போது செங்கோடனைப் பற்றிய பயம் தேவைப்படவில்லை, அவரவர் தாடையே அவரவருக்குக் காவல் இருந்தது.

கார்த்திகை மாதத்து மழை நாளொன்றில் ராமாத்தாள் மகளைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறி வந்தாள். மாகாளியின் மனைவி. சந்தையில் சாணி அள்ளி எருவாக விற்றுப் பிழைத்தாள். வெள்ளிக்கிழமைதோறும் கூடையை இறக்கி வைத்துவிட்டு, எம்பட ஊட்டுக்காரரு அன்னிக்குத் துண்டுக்குள்ள யாரு கையப் புடிச்சிருந்தாருங்க என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்பாள். கேட்கப்பட்டவர் தன் மாட்டின் கொம்பை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். ஜெசிந்தா வழக்கம்போலப் பின்னால் போய் நின்று அவள் தாடையைத் தடவினாள். இடது விரலும் வலது விரலும் ஒரே வழுவழுப்பில் காதுவரை போய்ச் சேர்ந்தன. அந்த ஊரில் அவள் விரலுக்குக் கிடைத்த முதல் முழுத் தாடை அதுதான், அவள் மறுபடியும் ஒருதரம் தடவினாள்.

எனக்கு ஒண்ணுமில்லீங்க, புள்ளையைப் பாருங்க என்றாள் ராமாத்தாள். பள்ளிக்கூடத்தில் மாட்டுத்திருடன் மகள் என்கிறார்களாம். முதலில் அழுதுகொண்டு வந்து சொன்னவள், பிறகு அழாமல் சொன்னாள், இப்போது சொல்வதே இல்லையாம். நேற்று, அப்பன் எதுக்கும்மா திருடுச்சு என்று கேட்டிருக்கிறாள். திருடவில்லை கண்ணு என்று எத்தனை சொன்னாலும், நீ பாத்தியாம்மா என்கிறாள். பார்த்தவர் ஒருவராவது சொல்ல வேண்டும், பார்க்காதவள் சொல்லி என்ன செய்வது? ஜெசிந்தா பூவிழியின் சின்னத் தாடையை இரண்டு கையிலும் ஏந்தினாள். இடது பக்கம், கடைவாய்ப் பல்லுக்கு நேர் கீழே, நகம் பட்டது மாதிரி ஒரு கீறல் தட்டுப்பட்டது. அவள் கை நின்ற இடத்தைப் பார்த்தே ராமாத்தாள் புரிந்துகொண்டாள்.

"டாக்டரம்மா, செத்த பொணத்துக்கு வாய் தொறந்துக்காம தாவாக்கட்டையச் சேத்திக் கட்டுவாங்கல்லங்க, எம்பட ஊட்டுக்காரருக்கு அதைக் கட்டுனது நானுங்க. கட்டக் கட்ட நழுவுச்சுங்க. இங்க, இந்த எடத்துல, எம்பட வெரலு உள்ளுக்கே போச்சுங்க. மாடு முட்டுனா குத்திக் கிழியுமுங்க. இது கட்டையில அடிச்சதுங்க. இந்த ஊர்ல அத்தன பேரு மொகத்துலயும் நான் அவருபட சாவைத்தான் பாக்கறனுங்க. எம்புள்ளை மொகத்துல என்னால பாக்க முடியாதுங்க."

ஜெசிந்தா தன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ராமாத்தாள் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள். உங்களுக்கும் வந்துருச்சுங்களா என்று மட்டும் கேட்டாள், அதில் கோபம் இல்லை.

அந்த வாரத்திலேயே அர்த்தநாரி வந்தார். இடது பக்கத்தை வைத்து மெல்லப் பயந்ததால் வலது பக்கப் பல்லெல்லாம் தேய்ந்து கூச்சம் எடுத்தது என்பதைச் சைகையில் சொன்னார். ஜெசிந்தா பின்னால் நின்று தடவினாள், கட்டைவிரல் அடிவரை இறங்கியது. பல் வைத்தியருக்கும் ஒரு துண்டு உண்டு. நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயில் பார்த்ததை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது, அது படிப்போடு சேர்த்துக் கொடுத்த கட்டுப்பாடு, அவள் ஒருநாளும் மீறியதில்லை. இந்த மனிதர்தான் அந்தக் கை என்று அவளுக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் அவ்வளவு ஆழமான பள்ளத்தில் விரல் கிடந்தபோது, யாரிடமாவது சொல்லாவிட்டால் தன்னுடையதும் இப்படி ஆகிவிடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சொன்னாள். மாகாளியின் மகளுக்கும் வர ஆரம்பித்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாளில் எலும்புக்குள் போய்விடும் என்று அவர் தலைக்குப் பின்னாலிருந்து மெல்லச் சொன்னாள். அர்த்தநாரி பல்லைப் பார்க்கவிடாமல் எழுந்து, துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமைச் சந்தை நிறைந்திருந்தது. ராமாத்தாள் பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்ற மகளைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்காரவைத்துவிட்டுச் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். அர்த்தநாரி பேசி முடிக்காத ஒரு ஜோடிக் காளையை விட்டுவிட்டு, ஒரு வெள்ளை ஆட்டுக்குட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்தார். அதன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்து மேலே துண்டைப் போட்டார். சந்தையில் மாடுகளைத் தவிர எல்லோரும் அசைவதை நிறுத்தினார்கள். துண்டுக்குள் அவர் விரல்கள் குழந்தையின் விரல்களைப் பிடித்து அழுத்தின, விட்டன, மறுபடி அழுத்தின; மாகாளி அன்றைக்குக் கடைசியாகக் கேட்ட விலை அது, அவர் கை மறக்கவில்லை. குழந்தை கூச்சத்தில் சிரித்தது. பிறகு அர்த்தநாரி இடது கையால் தன் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, பல வருடம் பூட்டிக்கிடந்த வாயைத் திறந்தார்.

"கண்ணு, உங்கப்பன் எதையும் திருடலை. எதையும் விக்கலை. உனக்கு வெள்ளாட்டுக்குட்டி வாங்கறதுக்குத்தான் எங்கையப் புடிச்சிருந்தான்."

பேச்சின் நடுவிலேயே தாடை முறிந்துவிட்டது. காய்ந்த சோளத்தட்டை ஒடிகிற சத்தம் சந்தையின் மறுகோடி வரை கேட்டது. ஆனால் அவர் கையால் தாங்கிக்கொண்டே, ரத்தம் வழிய, கடைசிச் சொல் வரைக்கும் சொன்னார்; கடைசியில் வந்தது சொல்லா வெறும் சத்தமா என்று பெரியவர்களுக்குப் புரியாவிட்டாலும் குழந்தைக்குப் புரிந்தது. அது ஆட்டுக்குட்டியைப் பார்த்தது. ராமாத்தாள் சாணிக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். என் புருஷனைக் கொன்ற வாய் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அடிக்கலாம் என்று கை எழும்பியதும் உண்மை. எழும்பிய கையால் துண்டை எடுத்து, அவர் தாடைக்கு அடியில் கொடுத்து, தலைமேல் இழுத்து, மாகாளிக்குக் கட்டிய அதே கட்டைக் கட்டினாள். இந்தமுறை கட்டு நழுவவில்லை, கட்டப்பட்டவர் உயிரோடு இருந்ததால் தானும் பிடித்துக்கொண்டார்.

மாடியில் ஜெசிந்தா வெகுநேரம் வேலை செய்தாள். கீழ்ப்பல்லையும் மேல்பல்லையும் சேர்த்துக் கம்பியை முறுக்கினாள், முனைகளை நறுக்கி மடக்கினாள். அர்த்தநாரி கண்ணை மூடிக் கிடந்தார், அவர் பள்ளம் இருந்த இடத்தில் வீக்கம் மட்டும் இருந்தது, வீக்கத்துக்கு அடியில் விளிம்பு நேராகக் கூடியிருந்தது. உதவிக்கு இருந்த பெண் கம்பிச் சுருளை எடுத்து உள்ளே வைக்கப் போனாள். அது அங்கேயே இருக்கட்டும் என்றாள் ஜெசிந்தா. அப்புறம் பூவிழியை அழைத்து, பின்னால் நின்று, நாடியிலிருந்து காதுவரை மெல்லத் தடவினாள். நகக் கீறல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. ஒருதரம், இரண்டுதரம் தடவினாள், ஒன்றும் இல்லை. குழந்தை, குட்டி கீழே தனியா இருக்குது, நான் போகட்டா என்று கேட்டது.

அதற்குள் ஏட்டு படியேறி வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் செங்கோடனும், அவனுக்குப் பின்னால் படி முழுக்க, தெரு முழுக்க, எல்லா முகங்களும். என்ன நடந்தது என்று ஏட்டு கேட்டு முடிப்பதற்குள், மாடு முட்டிடுச்சுங்க என்று கூட்டம் சொன்னது. சற்றுமுன் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவர்கள்தான், குழந்தையின் எதிரில் அவர் குந்தியதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான். பழகிய வாய் பழகியதைச் சொல்லியது. ஏட்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டரம்மா பாத்தாங்கல்ல, மாடுதானுங்களே என்று செங்கோடன் சிரித்தபடி கேட்டான்.

ஜெசிந்தா கையுறையைக் கழற்றினாள். நோயாளிகள் உட்காருகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். ராமாத்தாளைக் கூப்பிட்டு, தனக்குப் பின்னால் வந்து நிற்கச் சொன்னாள். எதற்கு என்று ராமாத்தாள் கேட்கவில்லை, அவளுக்குத்தான் அந்த வேலை தெரியுமே. கை கழுவிக்கொண்டு வந்து நின்று, இரண்டு கையின் விரல்களையும் டாக்டரின் நாடியில் வைத்து, தாடையின் விளிம்போடு தடவிக்கொண்டு போனாள். இடது விரல் பள்ளத்தில் இறங்கி நின்றது.

"பயமா இருக்குங்களா?" என்று காதோரம் கேட்டாள்.

"இருக்கு. கெட்டியாப் பிடிச்சுக்கோங்க" என்றாள் ஜெசிந்தா.

ராமாத்தாள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஜெசிந்தா ஏட்டை நேராகப் பார்த்து வாயைத் திறந்தாள்.